பழைய அலுமினிய ரன்அபவுட்டை மீன்பிடிப் படகாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் மச்சானும் ஒரு பழைய 14 அடி அலுமினியப் படகை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மீன்பிடிப் படகாக மாற்றினோம். இருவருக்கும் சனிக்கிழமைதான் ஒழியும். அதனால் முடிக்க ஒன்றரை வருடம் ஆனது. சிங்கப்பூரில் பொங்கோல் பக்கம் படகைப் பார்ப்பவர்களும், தேக்காவில் கோப்பி குடிக்கும்போது நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எங்களுக்குத் தெரிந்ததையும், தவறு செய்து கற்றுக்கொண்டதையும் அப்படியே எழுதுகிறேன்.

ரன்அபவுட் என்பது எந்த மாதிரிப் படகு? அதை ஏன் மாற்ற வேண்டும்?

குடும்பத்தோடு ஒரு சுற்றுச் சுற்றிவரவும், தண்ணீர்ச் சறுக்கு விளையாட்டுக்கு ஆள் இழுக்கவும் செய்த சின்ன மோட்டார் படகு அது. முன்பக்கம் மூடிய தளம், நடுவில் கண்ணாடி, அதற்குப் பின்னால் இரண்டு வரிசை மெத்தை இருக்கை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, விமானத் தொழிலில் பழகிய தகடும், தகடுகளைச் சேர்த்து அடிக்கும் ரிவெட் ஆணியும் படகுக்கு வந்தன. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இப்படிப்பட்ட படகுகள் பெருகின. ஆஸ்திரேலியர்கள் சின்ன அலுமினியப் படகை 'டின்னி' என்றே செல்லமாகச் சொல்வார்கள்.

உட்கார்ந்து போக அது நல்ல படகு. ஆனால் தூண்டில் வீச நிற்க வேண்டும், மீன் பிடித்து இழுத்தால் அதன் போக்கில் அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, பின்பக்கம் வரை நடக்க வேண்டும். அந்த இடத்தையெல்லாம் கண்ணாடியும் இருக்கையும் பிடித்துக்கொண்டிருக்கும். மெத்தை மட்கி, பலகை உளுத்துப்போன பிறகும் அடித்தகடு நன்றாக இருக்கும். அதனால்தான் இந்த வேலைக்குப் பழைய ரன்அபவுட் பொருத்தம்.

வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பெயிண்டைப் பார்க்காதீர்கள். பின்பலகையைப் பாருங்கள். எஞ்சின் தொங்குகிற பின்சுவருக்குள் பெரும்பாலான பழைய படகுகளில் மரப்பலகை இருக்கும். வெளியே அலுமினியத் தகடு மூடியிருப்பதால் உள்ளே உளுத்தது தெரியாது. ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் 'டக்' என்று கெட்டியாகச் சொல்லும். உளுத்த மரம் 'பொத்' என்று அமுங்கும். எஞ்சினை மேலே தூக்கிவைத்து, அதன் கீழ்முனையைப் பிடித்து அமுக்கித் தூக்கிப் பாருங்கள். பின்சுவர் வளைந்து கொடுத்தால் மரத்தை மாற்றியே ஆகவேண்டும். அதற்காக அந்தப் படகை ஒதுக்க வேண்டியதில்லை, விலையில் குறைத்துக் கேளுங்கள்.

அடுத்து, அடித்தகட்டில் குழிகள். நகத்தை வைத்து உரசிப் பாருங்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்னப் பள்ளம் என்றால் சரி. ஒரே இடத்தில் அம்மைத் தழும்பு மாதிரி கூட்டமாக இருந்தால், உள்ளே ஏதோ ஒரு வேற்று உலோகம் தகட்டைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தூக்கிப் பார்க்க வழியிருந்தால் படகின் எடையையும் பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன எடையைவிட 50, 60 கிலோ கூடுதலாகக் காட்டினால் அது தளத்துக்கு அடியில் நுரைக்குள் தேங்கிய தண்ணீர்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர் எங்கே வைத்து வேலை செய்வது?

கார் நிறுத்துமிடத்தில் நடக்காது. மரினாவில் உலர்தளம், அதாவது படகைக் கரையேற்றி வைக்கும் இடம், வாடகைக்கு எடுக்க வேண்டும், அல்லது படகுப் பட்டறையில் ஓரிடம் பேசிக்கொள்ள வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன்பே, அங்கே நீங்களே வேலை செய்ய விடுவார்களா, தகடு தேய்க்கலாமா, பற்றவைக்கலாமா என்று கேட்டுவிடுங்கள். பற்றவைப்பு, நெருப்பு வேலைக்குப் பல இடங்களில் தனி அனுமதி வேண்டும். பின்பலகை அறுப்பது, எப்பாக்சி (காய்ந்தால் கெட்டியாகும் பிசின்) பூசுவது மாதிரி வேலைகளை நாங்கள் ஒரு நண்பரின் பட்டறை ஓரத்தில் முடித்து, பொருத்த மட்டும் படகிடம் கொண்டுபோனோம்.

என்னென்ன உரிமம் வேண்டும்?

எஞ்சின் வைத்த உல்லாசப் படகுக்கு சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் வேண்டும். ஓட்டுபவருக்குத் தனியாக ஓட்டுநர் உரிமம் வேண்டும். எஞ்சினை மாற்றினாலோ, படகின் அமைப்பை மாற்றினாலோ பதிவிலுள்ள விவரமும் மாறும். எதையும் அறுக்கும் முன் ஆணையத்திடம் எழுதிக் கேளுங்கள். வேலை முடிந்தபின் சோதனையில் திருப்பி அனுப்பினால் வரும் மனவேதனை பெரிது.

சரி, படகு வந்துவிட்டது. முதல் வேலை என்ன?

உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுப்பது. இருக்கை, கண்ணாடி, ஸ்டியரிங், தளப்பலகை, அடியிலுள்ள நுரை, எல்லாம். எடுக்கும் ஒவ்வொன்றையும் எடை போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு யோசனையை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வீட்டுக் குளியலறைத் தராசைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டோம். நோட்டில் இடப்பக்கம் வெளியே போனது, வலப்பக்கம் உள்ளே வந்தது. கடைசியில் வலப்பக்கக் கூட்டல் இடப்பக்கத்தைத் தாண்டக் கூடாது என்பதே எங்கள் கணக்கு.

நுரையை எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பார்க்கக் காய்ந்த பஞ்சுமிட்டாய் மாதிரி இருந்தது. கையால் பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் வடிந்தது. நான்கு கறுப்புப் பைகளில் அள்ளி நிறுத்தோம். 41 கிலோ. மிதக்க வைப்பதற்காகப் போட்ட பொருள், வருடக்கணக்காகப் படகைக் கீழே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

நுரைக்குக் கீழே, படகின் விலா எலும்பு மாதிரி இருக்கும் இரண்டு குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே, ஒரு பழைய 20 காசு நாணயம் கிடந்தது. பச்சை பூத்திருந்தது. அதை எடுத்தால், அடியில் நாணயத்தின் அளவிலேயே தகடு அரித்து வெள்ளைப் பொடியாக நின்றது. சுரண்டினோம், நகம் உள்ளே இறங்கியது. அந்த நாணயம் செம்பும் நிக்கலும் கலந்தது. உப்புத் தண்ணீர் நடுவில் இருக்க, செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் மின்கலம் மாதிரி ஆகிவிடும். அதில் கரைந்துபோவது எப்போதும் அலுமினியம்தான். அன்றிலிருந்து, சட்டைப்பையில் சில்லறையோடு யாரும் எங்கள் படகில் ஏறுவதில்லை.

ஒழுகல் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தண்ணீரில் இறக்கித் தேட வேண்டாம். படகு தரையில் இருக்கும்போதே உள்ளே தண்ணீர் ஊற்றி, வெளியே எங்கே கசிகிறது என்று பாருங்கள். ஆனால் ஒன்று: 14 அடிப் படகில் 10 செ.மீ. உயரத்துக்கு ஊற்றினால் அது ஏறத்தாழ 400 கிலோ. அடியில் நன்றாக முட்டுக் கொடுக்காமல் ஊற்றினால் தகடு வளைந்துவிடும். பின்பக்கம் கொஞ்சம் சாய்த்து, முதலில் பின்பாதிக்கு மட்டும் ஊற்றுங்கள். அப்புறம் முன்பாதி.

வெளித்தகட்டைத் துடைத்துக் காயவைத்து, ஒருவர் கீழே படுத்துக்கொண்டு சொட்டு வருகிற ரிவெட்டைச் சுற்றி மெழுகுப் பென்சிலால் வட்டம் போட வேண்டும். சொட்டு கீழ்வாட்டில் ஓடி வேறிடத்தில் விழும். விழும் இடத்தில் வட்டம் போட்டால் ஏமாறுவீர்கள், ஊறும் இடத்தைத் தேடுங்கள். எங்களுக்கு 23 வட்டம் வந்தது.

தளர்ந்த ரிவெட்டை என்ன செய்வது? மேலே ஏதாவது பூசினால் போதாதா?

போதாது. ரிவெட் ஆடிக்கொண்டிருக்கும்வரை மேலே எதைப் பூசினாலும் ஒரு சீசனில் பிளந்துவிடும். முதலில் இறுக்க வேண்டும். இது இரண்டு ஆள் வேலை. ஒருவர் வெளியே ரிவெட்டின் தலைமேல் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளே வால்பக்கத்தைச் சுத்தியால் அடிக்க வேண்டும். ஓங்கி அடிக்காமல் சின்னச் சின்ன அடியாக நான்கைந்து. இறுகியதும் சத்தம் மாறும். அந்தச் சத்தம் இரண்டு மூன்று ரிவெட்டுக்குள் காதுக்குப் பழகிவிடும்.

துளை பெரிதாகிவிட்டால் பழையதைத் துளைத்தெடுத்து, அடுத்த அளவு அலுமினிய ரிவெட்டைப் போடுங்கள். உள்ளே கை போகாத இடத்துக்கு மட்டும், வெளியே நின்றே இழுத்துப் பொருத்தும் பாப் ரிவெட் சரி. ஆனால் முனை மூடிய ரகமாகத்தான் இருக்க வேண்டும், சீலண்ட் தடவித்தான் போட வேண்டும். முதல் முறை நாங்கள் ஒரு கடைக்காரர் கொடுத்த சாதாரண பாப் ரிவெட்டைப் போட்டோம். அதன் நடுவில் ஊசி போகும் ஓட்டை அப்படியே நிற்கும், அந்த வழியாகவே தண்ணீர் வந்தது. எட்டு ரிவெட்டையும் திரும்ப எடுத்தோம். இரும்பு, ஸ்டீல் ரிவெட் பக்கமே போகாதீர்கள்.

எல்லாம் இறுகியபின் தகடுகள் சேரும் உள்பக்க இணைப்புகளில் எப்பாக்சி சீலர் ஓடவிடலாம். சிலிக்கோன் வேண்டாம். அது தொட்ட இடத்தில் பிறகு பெயிண்டும் ஒட்டாது, வேறு எதுவும் ஒட்டாது.

பின்பலகையை எப்படி மாற்றுவது?

பழைய மரத்தை எவ்வளவு உளுத்திருந்தாலும் முடிந்தவரை உடைக்காமல் எடுங்கள். அதுதான் உங்கள் அச்சு. புதிய மரைன் பிளைவுட்டில் அதை வைத்து வரைந்து அறுங்கள். மரைன் பிளைவுட் என்றால் உளுக்காது என்று பலர் நம்புகிறார்கள். அதன் அடுக்குகளுக்குள் வெற்றிடம் இராது, பசை தண்ணீருக்குத் தாங்கும், அவ்வளவுதான். மரம் மரம்தான். ஆறு பக்கமும் எப்பாக்சி பூச வேண்டும். விளிம்புதான் அதிகம் உறிஞ்சும் என்பதால் அங்கே மூன்று கோட். போல்ட் துளைகளைப் பெரிதாகத் துளைத்து, எப்பாக்சியால் நிரப்பி, காய்ந்தபின் அதன் நடுவில் சரியான அளவில் திரும்பத் துளையுங்கள். அப்படிச் செய்தால் போல்ட் மரத்தைத் தொடவே தொடாது.

கறையான் மருந்து ஏற்றிய மரம் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். அந்த மருந்தில் பெரும்பாலும் செம்பு இருக்கும். 20 காசு நாணயத்தின் கதைதான் மறுபடியும்.

தளத்தை எவ்வளவு உயரத்தில் போடலாம்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் பதில் சொல்வேன். மீன்பிடிப் படகின் படங்களைப் பார்த்தால் அணியத்தில் உயர்ந்த, அகலமான மேடை இருக்கும். அதைப் பார்த்து எல்லாருக்கும் ஆசை வரும். அந்தப் படகுகள் பெரும்பாலும் அகன்ற, தட்டையான அடிப்பாகம் கொண்டவை. அலையில்லாத ஏரிக்குச் செய்தவை. ரன்அபவுட் குறுகலானது, அடி கூரானது.

75 கிலோ மனிதர் நின்றால் அவருடைய பாரம் பாதத்துக்கு மேல் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தளத்தை 30 செ.மீ. உயர்த்தினால் அந்த முழுப் பாரமும் 30 செ.மீ. மேலே போகிறது. இரண்டு பேர் ஒரே பக்கம் சாய்ந்து மீனைத் தூக்கும்போது ஒரு கப்பலின் அலை பக்கவாட்டில் வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதோடு படகின் விளிம்பு உங்கள் முழங்காலுக்குக் கீழே போய்விடும், தடுக்கி விழுவதற்கென்றே வைத்த மாதிரி.

நாங்கள் பின்பக்கத் தளத்தைப் பழைய மட்டத்திலேயே வைத்தோம். அணியத்தில் மட்டும் பழைய இருக்கையின் உயரத்துக்குள் அடங்கும்படி, ஒருவர் நிற்கிற அளவு சின்ன மேடை. போடும் முன் பழைய பால் கூடைகளை அடுக்கிப் பலகை வைத்து, படகை உபின் தீவுப் பக்கம் மிதக்கவிட்டு ஏறி நின்று பார்த்தோம். மச்சான் முதலில் 25 செ.மீ. கேட்டார். நின்று பார்த்த பிறகு அவரே ஒரு கூடையைக் கழற்றினார்.

தளத்துக்கு அடியில் மூடிய செல் (எளிதில் தண்ணீர் உறிஞ்சாத) நுரைப் பலகை வையுங்கள், ஊற்றும் நுரையைவிட அது மேல். ஒரு கன அடி நுரை ஏறத்தாழ 27 கிலோவைத் தாங்கும். அடித்தகட்டில் ஒட்டாமல் சின்ன இடைவெளி விட்டு வைத்தால் தண்ணீர் வடிந்து பின்னால் போகும். மேல்தளம் வெயிலில் கொதிக்கும், வெறுங்காலில் நிற்க முடியாது. வெளிர் நிற ஈ.வி.ஏ. (மெத்தென்ற நுரை) விரிப்பு ஒட்டினால் காலுக்கும் சுகம், வழுக்கவும் வழுக்காது.

உயிர்மீன் தொட்டி வைக்கலாமா?

வைக்கலாம், சின்னதாக. 50 லிட்டர் தண்ணீர் 50 கிலோ. அதைவிட முக்கியம், பாதி நிரம்பிய தொட்டி. படகு சாயும் பக்கமே தண்ணீரும் ஓடி இன்னும் சாய்க்கும். நீளவாட்டில் நடுவே ஒரு தடுப்பு வைத்தால் அந்த ஆட்டம் நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும். தொட்டி நடுவில், தாழ்வாக இருக்கட்டும். கொடுவாவை உடனே ஐஸில் போடுவதானால் தொட்டியே வேண்டாம், நல்ல ஐஸ் பெட்டி போதும். எங்களுக்கு உயிர் இறால் இரைக்கு மட்டும் 20 லிட்டர் தொட்டி.

மின்சார வேலையை நானே செய்யலாமா?

பொறுமை இருந்தால் செய்யலாம். காரில் உடம்பையே எர்த்தாகப் பயன்படுத்துவது மாதிரி அலுமினியப் படகில் செய்யவே கூடாது. ஒவ்வொரு சாமானுக்கும் போக ஒரு வயர், வர ஒரு வயர். இல்லையென்றால் தகடு வழியாக ஓடும் மின்சாரம் படகைக் கரைத்துவிடும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் வாங்குங்கள். பேட்டரியிலிருந்து 18 செ.மீ.க்குள் முதல் ஃபியூஸ் இருக்கட்டும். வயரிலிருந்து உதிரும் செம்புத் துண்டுகளைக் கடைசித் துணுக்கு வரை பொறுக்கி எடுத்துவிடுங்கள். தண்ணீர் இறைக்கும் பம்புக்கான தானியங்கி சுவிட்ச், பிரதான சுவிட்ச் வழியாகப் போகாமல் தனி ஃபியூஸ் வழியாக நேரே பேட்டரிக்குப் போக வேண்டும். ஆள் இல்லாதபோதுதான் மழை பெய்யும்.

பெயிண்ட்?

செம்பு கலந்த பாசித்தடுப்பு பெயிண்ட் அலுமினியத்துக்கு விஷம். உலர்தளத்தில் வைக்கும் படகுக்குப் பாசித்தடுப்பே தேவையில்லை. தகட்டைத் தேய்த்தால் சில நிமிடங்களிலேயே மேலே மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிவிடும், அதனால் தேய்த்த அன்றே எட்ச் பிரைமர் (தகட்டைக் கவ்விப் பிடிக்கும் அடிப்பூச்சு) அடித்துவிடுங்கள். இரும்புக் கம்பித் தூரிகை வேண்டாம்.

எந்த எஞ்சின் போடலாம்?

படகின் தகட்டில் எழுதியிருக்கும் உச்ச குதிரைத்திறனைத் தாண்டாதீர்கள். பழைய டூ ஸ்ட்ரோக்கை எடுத்துவிட்டு அதே திறனுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் போட்டாலே 20 கிலோவுக்கு மேல் கூடக்கூடும். அந்தப் பாரம் முழுவதும் பின்முனையில் விழும், அதனால் பேட்டரியையும் பெட்ரோல் டப்பாவையும் முன்னால் நகர்த்துங்கள். பின்சுவர் 15 அங்குலமா 20 அங்குலமா என்று அளந்தபின் எஞ்சின் தேடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தளத்துக்கு அடியில் இறங்கித் தேங்கும். டப்பாவைக் காற்றோட்டமான இடத்தில் மட்டுமே வையுங்கள்.

இதை எடுத்துக்கொண்டு எங்கே போகலாம்?

உபின் தீவைச் சுற்றியுள்ள கிழக்கு ஜொகூர் நீரிணை இந்த அளவு படகுக்கு இதமானது. எல்லைக்கோட்டை மட்டும் கவனமாகப் பாருங்கள், அக்கரை மலேசியா. தெக்கோங் பக்கம் இராணுவப் பகுதி. தெற்கே புலாவ் செனாங், பாவாய், சுடோங் மூன்றும் இராணுவத்தின் சுடுபயிற்சிப் பகுதி. சிஸ்டர்ஸ் தீவுகள் கடல் பூங்காவில் மீன் பிடிக்கக் கூடாது.

தெற்கில் அலையைவிடக் கப்பல்களைத்தான் நான் அதிகம் நினைப்பேன். குறுகிய கால்வாயிலும் கப்பல் போக்குவரத்துப் பாதையிலும் 20 மீட்டருக்குக் குறைந்த படகு பெரிய கப்பலின் வழியை மறிக்கக் கூடாது என்பது அனைத்துலகக் கடல் விதி. அந்தக் கப்பல் உங்களுக்காக நிற்கவும் முடியாது. அது போய்ச் சில நிமிடம் கழித்து வரும் அலையை அணியத்தின் ஓரத்தால் சாய்வாக வாங்குங்கள், பக்கவாட்டில் வாங்காதீர்கள்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராக் காற்று. பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் மேற்கிலிருந்து வரும், மணிக்கு 40 முதல் 80 கி.மீ. வேகத்தில் வீசும். நாங்கள் புறப்படும் நேரமும் அதுதான். பட்டறையில் பக்கத்து இடத்திலிருந்த மலாய்ப் பெரியவர், நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுவோம், ஒரு பழக்கம் கற்றுக்கொடுத்தார். கயிறு அவிழ்க்கும் முன் மேற்கு வானத்தைப் பார்ப்பது, கைப்பேசியில் மழை ரேடாரைப் பார்ப்பது, இரண்டில் ஒன்று கறுத்திருந்தாலும் உட்கார்ந்து இன்னொரு கோப்பி குடிப்பது. நாங்கள் அதை இதுவரை மீறியதில்லை.

வேலை முடிந்து முதல் முறை இறக்கும்போது என்ன சோதிக்க வேண்டும்?

தூண்டில் கொண்டுபோகாதீர்கள், கொண்டுபோனால் கவனம் அதில் போய்விடும். படகை இறக்கிக் கட்டிப்போட்டு, முதல் அரைமணி நேரம் உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். வெளியே மெழுகுப் பென்சில் வட்டம் போட்ட ரிவெட்டுகளின் உள்பக்கமெல்லாம் காய்ந்திருக்கிறதா? அப்புறம் லைஃப் ஜாக்கெட்டோடு இருவரும் மெதுவாக ஒரே பக்கம் வந்து, மீனைத் தூக்குவது மாதிரி குனியுங்கள். விளிம்புக்கும் தண்ணீருக்கும் எத்தனை விரற்கடை மிச்சம் என்று மூன்றாவது ஆள் கரையிலிருந்து பார்க்க வேண்டும். எங்களுக்கு என் அக்கா பார்த்தார், இரண்டு சாண் இருக்கிறது என்றார்.

திரும்பியதும் எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் ஓடவிட்டு, வடிகால் மூடியைத் திறந்து, படகைப் பின்பக்கம் சாய்த்து வையுங்கள். வெளியே வரும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து அளந்து நோட்டில் எழுதுங்கள். எங்களுக்கு முதல் நாள் இரண்டு லிட்டர் வந்தது. பின்னால் தேடியதில், வட்டம் போடாமல் விட்ட 24ஆவது ரிவெட் அகப்பட்டது.